கடல் தாண்டும் தொட்டில்

வெளிநாட்டுத் தம்பதி நம் நாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க நினைத்தால், நேரே வந்து தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. அதற்கு 1993-இல் உருவான ஹேக் உடன்படிக்கை இருக்கிறது.

முதலில் அவர்கள் ஊரிலேயே சமூகப் பணியாளர் வீடு தேடிப் போவார். வருமானம் என்ன, உடம்பு எப்படி, குடும்பம் எப்படி என்று துருவித் துருவி விசாரிப்பார். பெண் கொடுக்கிறவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்!

அப்புறம் தத்தெடுப்பைக் கவனிக்கும், டெல்லியிலுள்ள ‘காரா’ அமைப்பின் தடையில்லாச் சான்று, மாவட்ட ஆட்சியரின் ஆணை, குழந்தையின் பிஞ்சு முகம் ஒட்டிய பாஸ்போர்ட்.

விமானம் ஏறியதோடு முடிந்ததா? இல்லை. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கொரு தடவை, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கொரு தடவை, குழந்தை எப்படியிருக்கிறது என்று அறிக்கை வரவேண்டும்.

கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிறந்த வீடு அடிக்கடி எட்டிப் பார்க்குமே, அது மாதிரிதான் இதுவும்!