பாசறை திரும்பும் இசை

ஆண்டுதோறும் ஜனவரி 29-ஆம் நாள் மாலையில், தில்லி விஜய் சௌக்கில் ஒரு கச்சேரி நடக்கிறது. அதற்கு மேடை கிடையாது, கூரை கிடையாது. வாசிப்பவர்கள் பெரும்பாலும் சீருடை அணிந்த படைவீரர்கள். உட்கார்ந்து வாசிப்பதில்லை, அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கிறார்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றின் பேண்டு வாத்தியக் குழுக்களும், மத்திய ஆயுதக் காவல் படைகளின் குழுக்களும் சேர்ந்து, குடியரசுத் தலைவர் முன்னிலையில் இசைத்துக் குடியரசு நாள் விழாவை முடித்துவைக்கின்றன. ஆங்கிலத்தில் 'பீட்டிங் ரிட்ரீட்' எனப்படும் இதற்குத் தமிழில் வழங்கும் பெயர் 'பாசறை திரும்பும் நிகழ்ச்சி'.

இந்தத் தமிழ்ப் பெயர் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்ட ஒன்று. போர்க்களத்தை அடுத்துப் படை தங்கும் இடம் பாசறை. பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டின் பெரும்பகுதி பாசறையில்தான் நடக்கிறது. வென்ற படை கொம்பும் சங்கும் முழங்க ஊர் திரும்புவதோடு பாட்டு முடிகிறது. படை திரும்பும்போது இசை முழங்க வேண்டும் என்பது அவ்வளவு பழைய வழக்கம்.

தேனி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கத்து மக்களுக்குப் பாசறை அடுத்த ஊர்தான். குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் என்ற பெயரில் இருக்கும் 'கேம்ப்' என்ற சொல்லுக்குப் பாசறை என்றே பொருள். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை வேலையில், ஜான் பென்னிகுவிக்கின் தலைமையில் உழைத்தவர்களுள் மதராஸ் பயனியர்ஸ் என்ற படைப்பிரிவின் முதலாம், நான்காம் பட்டாலியன் வீரர்களும் உண்டு. பயனியர் என்றால் ஒரு கையில் துப்பாக்கியும் மறுகையில் மண்வெட்டியும் பிடிக்கத் தெரிந்த வீரன். அந்நாளைய படைமுகாம் எதிலும் விடிவதும் அடைவதும் பியூகிள் ஒலியைக் கேட்டுத்தான். எழுந்திருக்க ஓர் ஒலி, உணவுக்கு ஓர் ஒலி, விளக்கணைக்க ஓர் ஒலி என்று நாள் முழுவதும் அந்தச் சிறு பித்தளைக் குழல் சொன்னபடி நடக்கும்.

ரிட்ரீட் என்பதும் அப்படி ஓர் ஒலிதான். பின்வாங்கி ஓடுவது என்ற பொருள் இங்கே கிடையாது. 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பொழுது சாய்ந்ததும் முரசு கொட்டுவார்கள். கேட்ட படைகள் சண்டையை நிறுத்தி, ஆயுதங்களை உறையிலிட்டுப் பாசறைக்குத் திரும்பும். நகரங்களின் மதிற்கதவுகள் அடைபடும். இரவில் போர் செய்வதில்லை என்றிருந்த காலத்தின் முறை அது. போர்முறை மாறிப் பல தலைமுறைகள் ஆனபிறகும் அந்த முரசொலி சடங்காக நிலைத்துவிட்டது.

விடுதலைக்குப் பின், 1950-களின் தொடக்கத்தில், இந்தியத் தரைப்படையின் மேஜர் ராபர்ட்ஸ் இந்தச் சடங்கைப் பல குழுக்கள் சேர்ந்து வாசிக்கும் பெருநிகழ்ச்சியாக வடிவமைத்தார். அதன்பின் இரண்டு முறை அது கைவிடப்பட்டது. 2001-இல் குஜராத் நிலநடுக்கத்துக்காக. 2009-இல், பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் ஜனவரி 27-ஆம் நாள் காலமானதற்காக.

மாலை நிகழ்ச்சி ஓர் ஒழுங்கில் நடக்கிறது. குடியரசுத் தலைவர் தம் குதிரைப்படை மெய்க்காவலர் சூழ வருகிறார். நாட்டுப்பண் ஒலிக்கிறது. ரைசினா குன்றின் சரிவில் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வருகின்றன. பித்தளை வாத்தியக் குழு, பைப் குழு, ஒவ்வொரு படையின் தனிக்குழு, பிறகு எல்லாரும் சேர்ந்த பெருங்குழு. வடக்கு, தெற்குச் செயலகக் கட்டடங்களின் மதில்மேல் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகங்கள் சிலைபோல் நிற்கின்றன. பெருங்குழு வாசித்து ஓய்ந்ததும் முரசு வாசிப்பவர்கள் மட்டும் தனியே வாசிக்கிறார்கள். நெடுங்காலம், அதுவும் அடங்கியபின் மெல்லிய மணியோசையில் ஒரு மெட்டு ஒலித்தது.

அடுத்து வருவதுதான் இந்த மாலையின் உயிர். பியூகிள் வீரர்கள் ரிட்ரீட் ஒலிக்கிறார்கள். பியூகிளில் அழுத்துவதற்குக் கட்டைகள் கிடையாது. உதட்டின் இறுக்கத்தை மாற்றி நான்கைந்து சுரங்களை மட்டுமே எடுக்கலாம். அந்த நான்கைந்து சுரங்களுக்குள் கொடி மெல்ல இறங்குகிறது. ஆயிரக்கணக்கானோர் கூடிய வெளியில் வேறு சத்தமே இருக்காது. கொடி இறங்கியபின் தலைமை இசைநடத்துநர் குடியரசுத் தலைவரை நோக்கி நடந்து சென்று, வணக்கம் செலுத்தி, குழுக்களை அழைத்துச் செல்ல அனுமதி கேட்கிறார். அனுமதி கிடைத்ததும் 'சாரே ஜஹான் சே அச்சா' மெட்டை வாசித்தபடி எல்லாக் குழுக்களும் குன்றேறித் திரும்புகின்றன. அந்த நேரத்தில் கட்டடங்களில் விளக்குகள் எரிகின்றன.

இந்த இசை ஏன் இப்படி இருக்கிறது என்பதைத் தமிழ் நாட்டார் எளிதில் புரிந்துகொள்ளலாம். வீணை கூடத்துக்கு உரியது, நாகசுரம் வீதிக்கு உரியது. சுவரும் கூரையும் இருந்தால் ஒலி திரும்பி வந்து கூடும். வெட்டவெளியில் போன ஒலி போனதுதான். ஆகவே தொலைவுக்குப் போகும் கருவிகளே அங்கே செல்லும்: காற்றும் தோலும் பித்தளையும். ராணுவ பேண்டில் வயலின் இல்லாததற்கு இதுவே முதற் காரணம். வில்லிழுத்துக்கொண்டு அடிபோட்டு நடக்கவும் முடியாது. மழை பட்டால் மரம் தாங்காது. கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன், தோளைச் சுற்றி மாட்டும் பெரிய சூசபோன், பக்க முரசு, பெருமுரசு, ஜால்ரா என்று அமைவது ராணுவ பேண்டு. பைப் குழுவின் பேக்பைப்பில் தோல் பையிலிருந்து இடையறாது வரும் காற்றில் ஒன்பது சுரம் பாடும் குழல் ஒன்று. அடிச்சுரத்தை விடாமல் பிடிக்கும் குழல்கள் சில. நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவது எதற்கோ அதற்கே அந்தக் குழல்களும். ஸ்காட்லாந்துப் படைகளிடமிருந்து வந்த கருவி என்றாலும், ஒத்தோடு கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

திறந்தவெளியில் தாளம் தவறாமல் வாசிப்பது கேட்பவர் நினைப்பதைவிடக் கடினமான வேலை. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் போகும். ஒரு மூலையில் நிற்பவர் அடித்த முரசு, 100 மீட்டருக்கு அப்பால் நிற்பவர் காதில் விழக் கிட்டத்தட்ட மூன்றிலொரு நொடி ஆகிறது. விரைவு நடையில் நிமிடத்துக்கு 120 அடிகள் வரை, அதாவது அரை நொடிக்கு ஓர் அடி. காதை நம்பி வாசித்தால் பாதித் தாளத்துக்கு மேல் பிந்திவிடும். சாமி ஊர்வலத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் கைதட்டுபவரும் ஊர்வலத்தின் வாலில் கைதட்டுபவரும் ஒன்றாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதனால் படைவாத்தியக்காரர் கண்ணாலும் காலாலும் தாளம் பிடிக்கிறார். முன்னே செல்லும் டிரம் மேஜரின் கைத்தடி ஏறி இறங்குவதே அத்தனை பேருக்கும் தாளம். அது அலங்காரக் கோல் அல்ல. நிற்க, திரும்ப, தொடங்க, முடிக்க எல்லாம் அதன் அசைவில் இருக்கிறது.

இந்தக் கலைஞர்களைப் பயிற்றுவிக்கும் இடம் மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் உள்ள ராணுவ இசைப் பிரிவு. 1950-இல், கே. எம். கரியப்பா தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. 

தமிழ்நாட்டுக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் உள்ள உறவு இருநூறு ஆண்டுகளைத் தாண்டியது. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தம் அரண்மனையில் மேல்நாட்டு முறையில் ஒரு பேண்டு வைத்திருந்தார். மேல்நாட்டு இசைக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. செயிண்ட் ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாசித்த மெட்டுகள் முத்துசுவாமி தீட்சிதரின் காதில் விழுந்து நோட்டுஸ்வரங்களாக மாறின. பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணின் மெட்டிலேயே அவர் 'சந்ததம் பாஹிமாம்' என்று சமஸ்கிருதத்தில் அம்பாளைப் பாடினார். ஆள்பவனின் மெட்டை எடுத்து ஆண்டவளுக்குச் சூட்டிய அந்தத் துணிவு வியக்கத்தக்கது. பேண்டில் வந்த கிளாரினெட் முதலில் சதிர்க் கச்சேரிக்கும், பின் ஏ. கே. சி. நடராஜன் போன்றோர் கையில் தனிக் கச்சேரிக்கும் வந்தது. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டுத்தான் கத்ரி கோபால்நாத் அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். கம்பத்திலும் கூடலூரிலும் கல்யாண ஊர்வலத்தில் முன்னே போகும் பேண்டு செட்டும் அந்த வம்சம்தான்.

நாட்டுப்பண்ணின் வரலாற்றிலும் பேண்டுக்குப் பங்குண்டு. 1919-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில் தாகூர் தங்கியிருந்தபோது, 'ஜன கண மன' பாடலுக்கு மார்கரெட் கசின்ஸ் மேல்நாட்டு முறையில் சுரக்குறிப்பு எழுத உதவினார். 1947-இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவை கூடியபோது, இந்தியாவின் பண் எது என்று அங்குள்ள ஆர்கெஸ்ட்ரா கேட்டது. இந்தியக் குழுவிடம் இருந்தது 'ஜன கண மன' இசைத்தட்டு ஒன்றுதான். அதைக் கேட்டுப் பயின்று ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. பல நாட்டினரும் அதைப் பாராட்டினார்கள் என்று 1948 ஆகஸ்ட் 25-இல் நேரு அரசியல் நிர்ணய சபையில் விவரித்தார். ஆர்கெஸ்ட்ராவும் பேண்டும் வாசிக்க ஏற்றதாக மெட்டு இருக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த முக்கியமான வாதம். 1950 ஜனவரி 24-இல் அது நாட்டுப்பண் ஆயிற்று. முழுவதும் இசைக்க 52 நொடிகள்.

பாசறை திரும்பும் மாலையின் மெட்டுகளும் காலத்தோடு மாறி வந்துள்ளன. தொடக்கத்தில் பிரிட்டிஷ் அணிநடை மெட்டுகளே மிகுதி. படிப்படியாக இந்தியர் அமைத்தவை இடம்பிடித்தன. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்குக் கேப்டன் ராம்சிங் டாக்குரி அமைத்த 'கதம் கதம் படாயே ஜா' அவற்றில் ஒன்று. மலேயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் அடிபோட்டு நடந்த மெட்டு இது. நெடுங்காலம் மணியோசையில் ஒலித்துவந்தது காந்தியடிகளுக்கு விருப்பமான 'அபைட் வித் மீ' என்ற கிறித்தவப் பாடல். 2022-இல் அதை நீக்கி, 'ஏ மேரே வதன் கே லோகோ' மெட்டைச் சேர்த்தார்கள். 1962 சீனப் போரில் மாண்ட வீரர்களுக்காகக் கவி பிரதீப் எழுதி, சி. ராமச்சந்திரா இசையமைத்து, 1963 ஜனவரி 27-இல் தில்லியில் நேருவின் முன் லதா மங்கேஷ்கர் பாடியது அது. மெட்டு எதுவானாலும், அந்த இடத்துக்கு வேண்டியது மாண்டவர்களை நினைக்கும் அமைதி. 2022-இல் ஆயிரம் ட்ரோன்கள் வானில் கோலம் போட்டன, காண அழகுதான். ஆனால் இது காதுக்குரிய மாலை. கண் நிறைந்தால் காது பாதி மூடிக்கொள்ளும்.

தந்திக் கருவிகளும் மெல்ல இந்த வெளிக்குள் வந்திருக்கின்றன. 2016-இல் சித்தார், சந்தூர் ஆகியவையும் அவற்றோடு தபேலாவும் சேர்ந்தன. பல இந்தியக் கருவிகளை ஒரே குழுவாக இசைக்கும் முயற்சியில் வானொலிக்கு முன்னோடி இடம் உண்டு. அகில இந்திய வானொலி 1952-இல் வாத்திய விருந்தா என்ற தேசிய இசைக்குழுவைத் தில்லியில் அமைத்தபோது, அதை நடத்தியவர்கள் பண்டிட் ரவிசங்கரும் தமிழ்நாட்டு வயலின் கலைஞர் டி. கே. ஜெயராம ஐயரும்.

வெளிநாடுகளில் இத்தகைய திறந்தவெளிக் கச்சேரி பெரும்பாலும் கோடைக்குரியது. பனி விலகி, இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் நிற்கும் பருவம் அங்கே அதுதான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் ஆற்றங்கரையில் 1929-இல் ஆர்தர் ஃபீட்லர் இலவசக் கச்சேரிகளைத் தொடங்கினார். 1974 ஜூலை 4-இல் சைக்கோவ்ஸ்கியின் '1812' இசையைப் பீரங்கி வெடியும் மணியோசையும் வாணவேடிக்கையும் சேர்த்து வாசித்தார். நெப்போலியனை ரஷ்யா விரட்டியதைக் கொண்டாடும் அந்த இசை, அமெரிக்க விடுதலை நாளின் வழக்கமாகிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் கோடைத் திறந்தவெளி இசை என்றால் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாதான். நாட்டு விழாக்கள் இந்தியாவில் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் அமைந்ததால் படையிசையும் அந்த மாதங்களுக்குப் போய்விட்டது.

பாசறை திரும்பும் நிகழ்ச்சியை வானொலியும் தூர்தர்ஷனும் நேரடியாகத் தருகின்றன. மாலை ஐந்து மணியளவில் தொடங்கும். வரும் ஜனவரி 29 அன்று கேட்பவர்கள் பியூகிள் ஒலிக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டுமாவது கையில் உள்ள வேலையை வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். கொடி அப்போதுதான் இறங்குகிறது.