தேசப்படமும் துவிச்சக்கர வண்டியும்



ஊர்காவற்றுறைத் தீவிலே பிறந்து, அங்கேயே கற்று, அங்கேயே கற்பித்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட ஒருவனுக்கு அத்தீவைப் பற்றித் தெரியாதது அதிகம் இராது என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் குலைத்தவை பத்துப் புளியங்கொட்டைகள். அந்தக் கதையைச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன்.

ஒருநாள் புவியியல் ஆசிரியர் விடுமுறையில் இருந்தமையால் எட்டாந் தர வகுப்புக்கு நான் சென்றிருந்தேன். அகலக்கோடு, நெடுங்கோடு என்பனவே அன்றைய பாடம். கரும்பலகையிலே கோடுகளை வரைந்து, அவை புவியின் மேல் உண்மையாக வரையப்பட்டவை அல்ல, நாம் கற்பனை செய்துகொண்டவை என்று விளக்கினேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "அந்தக் கோடு எங்கடை வளவுக்குள்ளாலும் போகுதோ, சேர்?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டு ஆசிரியப் பணியிலே அக்கோடுகளை இலண்டன் கிறீன்விச்சின் மேலும் மத்திய கோட்டின் மேலும் கொண்டு சென்றிருக்கிறேனேயன்றி, ஒருநாளாவது எங்கள் ஒழுங்கைக்குள் கொண்டு வந்ததில்லை என்பது அப்பொழுதுதான் எனக்குப் புலனாயிற்று.

அன்று மாலை நில அளவைத் திணைக்களத்தின் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். எங்கள் தீவு, ஏறக்குறைய வடக்கு 9 பாகை 36 கலைக்கும் 42 கலைக்கும் இடையிலும், கிழக்கு 79 பாகை 51 கலைக்கும் 59 கலைக்கும் இடையிலும் சாய்ந்து படுத்திருக்கிறது. ஒரு கலை என்பது எங்கள் மண்ணில் 1.8 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அதன் நூறிலொரு கூறு சுமார் 18 மீற்றர். ஒரு வீட்டு வளவின் அகலம் என்று சொல்லலாம். அப்படியானால் கலையும் அதன் நூறிலொரு கூறும் தெரிந்தால் எந்த வளவையும் சுட்டிவிடலாம் அல்லவா?

உலகில் இதை விளையாட்டாகவே செய்வோர் உளர். 1996 ஆம் ஆண்டில் அலெக்ஸ் ஜாரெட் என்னும் அமெரிக்கர், முழுப்பாகைக் கோடுகள் இரண்டு வெட்டிக்கொள்ளும் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சென்று பார்த்துப் படம் எடுத்து வைக்கும் முயற்சியொன்றைத் தொடங்கினார். 2008 ஆம் ஆண்டில் ரண்டல் மன்றோ என்னும் சித்திரக்காரர் இன்னொரு முறையைச் சொன்னார். அன்றைய தேதியையும் நியூயோர்க் பங்குச் சந்தையின் அன்றைய எண்ணையும் கலந்து கணக்கிட்டால் ஒரு புள்ளி கிடைக்கும். அது காடாயினும் வயலாயினும் அங்கே போய் நிற்க வேண்டும். இப்படி எண்ணை நம்பித் துவிச்சக்கர வண்டியில் காட்டுக்குள் செல்வோர் இன்றும் இருக்கிறார்கள்.

எங்கள் தீவுக்கு மிக அண்மையில் உள்ள முழுப்பாகைச் சந்தி, வடக்கு 10 பாகையும் கிழக்கு 80 பாகையும் கூடும் இடம். அதுவோ பாக்கு நீரிணையின் நடுக்கடல். பங்குச் சந்தையும் எமக்கு எட்டாத சங்கதி. ஆகவே நாங்கள் புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டோம். பத்துக் கொட்டைகளில் பூச்சியம் முதல் ஒன்பது வரை எழுதி ஒரு பையில் இட்டோம். ஒன்றை எடுப்பது, எண்ணைக் குறிப்பது, மீண்டும் பையில் இடுவது, குலுக்குவது. அகலக்கோட்டுக்கு மூன்று இலக்கம், நெடுங்கோட்டுக்கு மூன்று இலக்கம். தீவின் எல்லைக்குப் புறம்பான கலை வந்தால் மறுபடி எடுப்பது. ஆறு இலக்கங்களும் வந்தவுடன், சனிக்கிழமை காலையில் நாங்கள் செல்ல வேண்டிய இடம் முடிவாகிவிடும்.

ஏன் எழுமாறாக எடுக்க வேண்டும், நல்ல இடமொன்றைத் தெரிந்தெடுத்துச் செல்லலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்தெடுக்கும்போது நாம் நமக்குத் தெரிந்ததையே எடுக்கிறோம். வங்காளத்திலே சணற் பயிரின் பரப்பை அறிய 1937 ஆம் ஆண்டளவில் பேராசிரியர் மகலனோபிஸ் ஆய்வு தொடங்கியபோது, பார்க்க வேண்டிய நிலத்துண்டுகளைத் தேசப்படத்தில் எழுமாறாகவே குறித்தார். ஆய்வாளனைத் தன் விருப்பம்போல் விட்டால் வீதியோரத்து நல்ல வயலையே பார்த்து வருவான். சேற்றுக்கும் முள்ளுக்கும் அப்பால் உள்ள வயல் கணக்கில் வராமலே போகும். நானும் எங்கள் தீவை வீதியோரமாகவே பார்த்திருந்தேன் என்பதை அந்தப் புளியங்கொட்டைகள் எனக்கு உணர்த்தின.

முதற் சனிக்கிழமை வந்த எண் வடக்கு 9 பாகை 39.21 கலை, கிழக்கு 79 பாகை 54.07 கலை. வேலணைப் பக்கத்து உட்பகுதி. மாணவர் ஐவரும் நானும் துவிச்சக்கர வண்டிகளில் புறப்பட்டோம். சோளகக் காற்று எதிர்த்து வீசும் காலம். தார் வீதி முடிந்து ஒழுங்கை, ஒழுங்கை முடிந்து மணற்பாதை, மணற்பாதையும் முடிந்து பனங்கூடல். எங்கள் தீவுக்குப் பெருங்காடு கிடையாது. பனங்கூடலே எமக்குக் காடு. உள்ளே வடலிகள் நெருக்கமாக நின்றன. போரிலே தலையிழந்த பனைகள் சில தூண்களைப்போல் நின்றன. உடைமுள் ஏறி ஒரு வண்டியின் சில்லுக் காற்றுப் போயிற்று. அதனைத் தோளில் சுமந்தபடி ஒருவன் வந்தான்.

கைத்தொலைபேசி திசை காட்டிற்று. செய்மதிகள் தரும் இட அறிவில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே இட்டிருந்த பிழை 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே பொதுமக்களின் சாதாரணக் கருவியும் சில மீற்றர் அளவுக்கு இடத்தைச் சரியாகக் காட்டக் கூடியதாயிற்று. ஆனால், அது காட்டுவது நேர்கோடு. நேர்கோட்டில் வேலி நிற்கிறது, கிணறு இருக்கிறது, பிறர் வளவு இருக்கிறது. அதற்கும் மேலாக, இது போர் நடந்த மண். ஆள் புழங்காத பற்றைக்குள் கால் வைப்பதில்லை, படலையில் நின்று குரல் கொடுக்காமல் எவர் காணிக்குள்ளும் நுழைவதில்லை, நுழைய முடியாதாயின் எல்லையில் நின்று மிச்சத் தூரத்தைக் குறித்துக்கொண்டு திரும்புவது என்ற மூன்று விதிகளை மாணவர்க்கு முன்னரே விதித்திருந்தேன்.

புள்ளிக்கு ஏறக்குறைய 40 மீற்றர் இருக்கையில் பனைமட்டை வேலியும் படலையும் எதிர்ப்பட்டன. குரல் கொடுத்தோம். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் வந்தார்.

"ஆரைத் தேடி வந்தனீங்கள், தம்பி?" என்றார்.

நேயர்களே, எளிய கேள்வி. ஆயினும் என்னிடம் விடையில்லை. எவரையும் தேடி நான் வரவில்லை. ஓர் எண்ணைத் தேடி வந்திருக்கிறேன் என்று எவ்வாறு சொல்வது? என் கையில் இருந்த தேசப்படத்தை அவர் கண்டார். அவருடைய முகம் மாறிற்று. "காணி அளக்க வந்தனீங்களோ?" என்று மெல்லக் கேட்டார். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு ஓடி, திரும்பி வந்து மறுபடி வேலி அடைத்தவர்கள் வாழும் ஊரிலே, படத்தோடும் எண்ணோடும் வருகின்ற மனிதன் அச்சத்துக்குரியவன் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

"இல்லை ஆச்சி, நான் பள்ளிக்கூடத்து அதிபர், பிள்ளைகளுக்குப் பாடம் காட்ட வந்தனான்" என்று சொல்லி, புளியங்கொட்டைக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் எங்களைப் பார்த்தார். பின்பு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப அந்தக் கொட்டை என்னைக் காட்டினதோ? சரி, வாருங்கோ" என்று படலையைத் திறந்துவிட்டார்.

எண் சுட்டிய இடம் வளவின் பின்புறம், இடிந்த கட்டோடு இருந்த ஒரு பழங்கிணறு. அதற்கப்பால் கூரையில்லாத வீடொன்றின் சுவர்கள். அம்மையார் ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தந்தார். குடித்தோம். நல்ல தண்ணீர். எங்கள் தீவில் வாழாதவர்க்கு அந்த இரண்டு சொற்களின் பொருள் விளங்காது. குடிநீரைப் பவுசர் வண்டி கொண்டுவரக் குடங்களோடு காத்து நிற்கும் ஊர்கள் எங்களுடையவை. கடல் சூழ்ந்த தீவில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் தாழ்ந்திருக்கும். மேலே 1 அடி குறைந்தாலோ கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். பொறி வைத்து இறைத்துக் கெடுத்த கிணறுகள் பல. கையால் அள்ளியே காத்த கிணறு இது. "தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர முன்னம் ஏழு குடும்பம் இதிலைதான் அள்ளினது" என்றார் அம்மையார். அந்த ஏழு குடும்பங்களும் இன்று எந்தெந்த நாட்டில் இருக்கின்றன என்பதை விரல் மடித்துச் சொன்னார்.

பின்னர் ஒரு மாணவி, "இந்தக் காணிக்குப் பெயர் என்ன, ஆச்சி?" என்று கேட்டாள். "பூவலடி வளவு" என்றார். மணலில் சிறிதாகத் தோண்டும் ஊற்றுக் குழியைப் பூவல் என்பது எங்கள் வழக்கு. கிணறு கட்டுவதற்கு முன்னரே அங்கு நன்னீர் இருந்தது என்ற செய்தி அந்தப் பெயருக்குள் பத்திரமாக இருந்தது! தேசப்படத்திலே அவ்விடம் வெறுமையாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகள் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயரைச் சொல்லும். ஆனால் உறுதிகள் பெட்டிக்குள். பெட்டிகள் பல கடலுக்கு அப்பால்.

அந்த ஒழுங்கையின் முகப்பை இருபது ஆண்டுகளாக நாள்தோறும் கடந்திருக்கிறேன். உள்ளே ஒருநாளும் திரும்பியதில்லை.

அதன் பின் சனிக்கிழமைகளில் சென்றுகொண்டேயிருந்தோம். பாதிக்கு மேற்பட்ட தடவை எண் கடலில் விழுந்தது. அப்பொழுது அதற்கு அண்மையான கரையில் நின்று பாடம் படித்தோம். ஒருமுறை ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு அப்பால், கடல் நடுவே நிற்கும் கடற்கோட்டையைப் பார்த்தபடி மாணவர்க்கு ஒரு கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். நயினாதீவிலே உள்ள, முதலாம் பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அது. எங்கள் துறையை அது ஊராத்துறை என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், பிற சரக்கேற்றிய மரக்கலம் உடைந்தால் செம்பாதியும் அரச பண்டாரத்துக்கு உரியது என்று அது விதிக்கிறது. விதி செய்யும் அளவுக்கு அக்காலத்தில் மரக்கலங்கள் உடைந்தன என்றே கொள்ள வேண்டும்.

நடுக்கடலில் நெடுங்கோட்டை அறிவது மாலுமிகளுக்கு நெடுங்காலம் இயலாத காரியமாயிருந்தது. 1714 ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் அதற்குப் பெரும் பரிசு அறிவித்தது. தச்சுத் தொழிலில் பயின்ற ஜோன் ஹரிசன் என்பவர் பிழையாது ஓடும் கடல் மணிக்கூட்டைச் செய்தார். புவி நான்கு விநாடியில் ஒரு கலை சுழல்கிறது. ஆதலால் மணிக்கூடு நான்கு விநாடி பிழைத்தால் கப்பல் எங்கள் கடலில் 1.8 கிலோமீற்றர் பிழைத்துவிடும். இன்று மாணவன் சட்டைப்பையில் கிடக்கும் எண்ணுக்காக எத்தனை உயிர்கள் கடலில் போயின என்பதை அந்தக் கரையில் நின்று சொன்னபோது, வகுப்பறையில் ஒருபோதும் கண்டிராத அமைதியைக் கண்டேன்.

நாங்கள் ஒரு தடித்த கொப்பி வைத்திருக்கிறோம். சென்ற ஒவ்வோர் இடத்துக்கும் அதில் ஒரு பக்கம். மேலே எண். கீழே அவ்விடத்து மண், மரம், கிணறு உண்டாயின் தண்ணீரின் சுவை. அதற்கும் கீழே காணியின் பெயர். எண்ணை எழுத ஒரு நிமிடம் போதும். பெயரை எழுத மூன்று வீடுகளில் விசாரிக்க வேண்டியிருக்கும். பெயர் கிடைக்காத பக்கங்களும் உண்டு. அவற்றை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். மாணவர்கள் தாமாக ஒரு பெயரை இட விரும்பியபோது நான் அனுமதிக்கவில்லை.

மாரி கழிந்து மறுபடியும் பூவலடிக்குச் சென்றோம். இம்முறை எண் அழைக்கவில்லை. அம்மையாரைப் பார்க்கவே சென்றோம். படலை கட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து மகள் வந்து அவரைத் தம்மோடு அழைத்துச் சென்றுவிட்டதாக அயலவர் சொன்னார்கள். "இந்தக் காணிக்கு என்ன பெயர்?" என்று அவர்களைக் கேட்டுப் பார்த்தேன். தாங்கள் அண்மையில் குடிவந்தவர்கள், தெரியாது என்றார்கள். கொப்பியைக் கொண்டு வந்திருந்த மாணவி அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர்களுக்கு வாசித்துக் காட்டினாள்.

நேயர்களே, செய்மதி உள்ளவரை எண்கள் எங்கும் போய்விடமாட்டா. வடக்கு 9 பாகை 39.21 கலையை நாளையும் காணலாம், நூறு ஆண்டு கழித்தும் காணலாம். அது பூவலடி என்பதைச் சொல்லவோ ஒருவர் இருக்க வேண்டும். கேட்கவும் ஒருவர் அவர் படலைக்குச் செல்ல வேண்டும். உங்கள் ஊரிலும் அப்படிப்பட்ட படலைகள் இருக்கும். ஒரு விடுமுறை நாளில், வழக்கமான வீதியை விட்டு, எண் காட்டும் ஒழுங்கையில் வண்டியைத் திருப்பிப் பாருங்கள். "ஆரைத் தேடி வந்தனீங்கள்?" என்று எவராவது கேட்டால், "உங்களைத்தான்" என்று விடை சொல்லுங்கள். அந்த விடையைக் கண்டுகொள்ள எனக்குப் பல சனிக்கிழமைகள் சென்றன.