எண்ணூர்க் கரையும் செவ்வக மரங்களும்

இடஞ்சார் தரவுகளை விரைந்து தேடித் தரும் மர அமைப்புகளை ஆராயக் கூடியுள்ள இக்கருத்தரங்கு, இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியைத் தன் உரைகல்லாகக் கொள்வது மிகவும் பொருத்தமானது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் புகுந்தபோதும், படலம் பரவிய பரப்பில் எந்தெந்தக் குப்பங்கள் அடங்குகின்றன என்னும் கேள்விக்கு உடனடி விடை தேவைப்பட்டது.

பேயரும் மெக்ரைட்டும் 1970களின் தொடக்கத்தில் வகுத்த பி மரம், மதிப்புகளை ஒரே வரிசையில் அடுக்கித் தேடுவதாகையால், இக்கேள்விக்குப் போதாது. அட்சரேகையின்படி வரிசைப்படுத்தினால், வெகுதொலைவு மேற்கேயுள்ள அம்பத்தூர் இராயபுரத்துக்கு அருகே வந்து நிற்க, அதே கரையிலுள்ள திருவொற்றியூர் விலகிப்போகும். இக்குறையைப் போக்க 1984இல் அன்டோனின் கட்மன் முன்வைத்த ஆர் மரம், ஒவ்வொரு பொருளையும் அதைச் சுற்றி வரையத்தக்க மிகச் சிறிய செவ்வகத்துக்குள் அடக்கி, அண்டைச் செவ்வகங்களைப் பெரிய செவ்வகங்களாகத் தொகுத்து, வேர்க்கணு வரை கொண்டுசெல்கிறது. தேடும் பரப்பைத் தொடாத செவ்வகத்தின் கிளை முழுவதும் அப்போதே தள்ளப்படுகிறது.

செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது பல கிளைகளில் இறங்கித் தேட நேர்வதால், 1990இல் பெக்மன் குழுவினர் அப்படிவைக் குறைக்கும் ஆர் நட்சத்திர மரத்தை அமைத்தனர். ஆயினும் கொசஸ்தலை ஆற்றின் முன் அதுவும் திணறும். பூண்டியைக் கடந்து வளைந்து வளைந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் சேரும் அவ்வாற்றை ஒரே பொருளாகச் சேமித்தால், ஆற்றைத் தொடாத வயல்களும் ஏரிகளும் குடியிருப்புகளும் அதன் செவ்வகத்துக்குள் அடங்கிவிடும். எனவே, மரம் தருவது தீர்ப்பன்று, ஆய்வுக்குரிய பட்டியல் மட்டுமே. உண்மையான வடிவத்தோடு ஒப்பிட்டுச் சலித்தெடுக்கும் இரண்டாம் படி நடந்த பின்னரே விடை கிடைக்கிறது. ஆற்றைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் தனிச் செவ்வகம் அளிப்பது, நிரம்பிய கணுவை மரம் பிளக்கும் விதியை மாற்றுவதைவிட இங்கே மிகுந்த பயன் தரும் என்பது இவ்வுரையின் உறுதியான கருத்து. சில நொடிகளுக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தை அறிவித்தபடி செல்லும் பெருங்கப்பல்களுக்கோ, ஓயாத திருத்தங்களைத் தாங்கும் வேறு அமைப்பே வேண்டும்.

சீராகத் தூவிய செயற்கைப் புள்ளிகளில் மட்டும் சோதித்து வேகத்தைக் கணக்கிடும் வழக்கம் இத்துறையில் நெடுநாளாக நிலவுகிறது. இங்கே கட்டுரை படிப்போர் சாய்ந்த கரையும் நெளியும் ஆறும் நெருங்கிய குப்பங்களும் கொண்ட உண்மைத் தரவுகளில் தம் மரங்களைச் சோதித்து, இரண்டாம் படிக்கு ஆகும் நேரத்தையும் சேர்த்தே முடிவுகளை வெளியிட வேண்டுமென இவ்வவை கேட்டுக்கொள்கிறது.