நெருஞ்சிலும் முன்னிற்குஞ் சுரப்பியும்



ஐம்பது அகவை கடந்த ஆடவர் பலர் தம்முள் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளாத துன்பம் ஒன்று உண்டு. இரவில் மும்முறை நான்முறை எழுதல்; எழுந்து நின்றும் நீர் உடனே இறங்காமை; இறங்கினும் நூல்போல் மெலிந்து விட்டுவிட்டுச் சொட்டல்; வந்து படுத்தபின்னும் இன்னும் எஞ்சியிருப்பது போன்ற உணர்வு. இராயபுரத்து மீனவரும், சரக்குப்பெட்டி வண்டிகளோடு துறைமுக வாயிலுக்கு வெளியே மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும் ஓட்டுநரும், மணலி, எண்ணூர் ஆலைத் தொழிலாளரும் இதனை 'முதுமை' என்னும் ஒரு சொல்லால் மூடிவிடுகின்றனர். மருத்துவரோ 'புராசுட்டேட்டு' என்கிறார். அஃது உடலில் எங்குள்ளது என்பதும் கேட்டவர்க்கு விளங்குவதில்லை. அதனை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவும் அவர்க்கு நா எழுவதில்லை.

தமிழில் அதற்குப் பெயரில்லையா? உண்டு. முன்னிற்குஞ் சுரப்பி என்பது அதன் பெயர். மூலமாகிய கிரேக்கச் சொல்லுக்கும் முன் நிற்பது என்பதே பொருள். நீர்ப்பைக்குக் கீழே நீர்த்தாரையை வளையம்போல் சூழ்ந்து, விந்தோடு கலக்கும் நீர்மத்தைச் சுரப்பது அது. அகவை ஏற ஏற அது பருக்கும். பருத்து, நடுவே செல்லும் தாரையை நெருக்கும். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட ஆடவருள் ஏறத்தாழச் சரிபாதியரிடம் இப்பருமன் காணப்படும். இது புற்றுநோயன்று. ஆயினும் அதே சுரப்பியில் புற்றும் தனியே தோன்றுவதுண்டு. அறிகுறிகளைக் கொண்டு மட்டும் இரண்டையும் பிரித்தறிதல் அரிது. இத்துணையும் தமிழிலேயே சொல்ல முடிகிறதன்றோ? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவரை உருவாக்கினார். அயலவர் செய்ததை நம்மவர் இன்னும் செய்யவில்லை!

இனி மூலிகைக்கு வருவோம். மருந்துக் கடைகளில் 'கோட்சுரா' என்றும், 'வருணா' என்றும், 'புனர்நவா' என்றும் பெயர் எழுதிய குப்பிகளை நம்மவர் விலைகொடுத்து வாங்குகின்றனர். கோட்சுரா எது? காலில் தைக்கும் நம் நெருஞ்சில்! வருணா நம் மாவிலங்கம். புனர்நவா வேலியோரம் படரும் மூக்கிரட்டை. நெருஞ்சிப் பழத்தைக் குறளில் வைத்தார் வள்ளுவர். குறுந்தொகையில் நெருஞ்சியைப் பாடினார் அள்ளூர் நன்முல்லையார். ஈராயிரம் ஆண்டாய் நாமறிந்த செடியை வேற்றுப் பெயர் பூட்டி நமக்கே விற்கின்றனர். பெயர் போனால் செடி போகும். செடியறிவு போனால் ஏமாற்றுவார்க்கு வழி திறக்கும்.

நெருஞ்சிலை இடித்து நீரிலிட்டு, நாலிலொரு பங்காக வற்றக் காய்ச்சிய குடிநீர் தமிழ் மருத்துவத்தில் நீர்ச்சுருக்குக்கும் நீரெரிச்சலுக்கும் வழங்குவது. பொங்கற் காப்பில் கட்டும் சிறுபீளையைக் கல்லடைப்புக்குக் கொடுப்பர். கடலோர மணலில் வளரும் யானைநெருஞ்சிலின் இலையைத் தண்ணீரில் இட்டுக் கலக்கினால் நீர் வழுவழுவெனக் குழகுழத்துப் போகும். அதனை நீர்க்கடுப்புக்குப் பருகுவர்.

ஆயின் ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். இவை பெரும்பாலும் நீர்பெருக்கிகள். முன்னிற்குஞ் சுரப்பி பருத்தவர்க்குக் குறை நீர் ஊறுவதில் இல்லை, வெளியேறுவதில்தான் உள்ளது. மடை அடைபட்டிருக்க ஏரியை நிரப்புவது எவ்வகை உழவு? மாலையில் நெருஞ்சிற் குடிநீர் அருந்தியவர் இரவெல்லாம் எழுந்து நடப்பார். தேறிய தமிழ் மருத்துவர் நாடி நோக்கி, நோய்முதல் அறிந்து, அளவும் பொழுதும் வரையறுத்துத் தருவார். நாட்டு மருந்துக்கடைத் திண்ணையில் அந்த வரையறை கிடைக்காது.

மேலைநாட்டார் மட்டும் தெளிந்துவிட்டனரா? அமெரிக்கக் குறும்பனையின் பழச்சாறு இந்நோய்க்கு அருமருந்தென அங்குப் பெருவாணிகம் நடந்தது. 225 ஆடவர்க்கு ஓராண்டு கொடுத்து ஆய்ந்த முடிவு 2006இல் வெளிவந்தது: வெற்று வில்லைக்கு மேல் அது ஒரு பயனும் தரவில்லை. 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் மும்மடங்கு வரை ஏற்றிக் கொடுத்தும் அதே முடிவு. நம் மாவிலங்கத்தையும் நெருஞ்சிலையும் இவ்வாறு பல நூற்றுவரிடம் ஆய்ந்து, முடிவு எதுவாயினும் தமிழில் வெளியிடுதல் வேண்டும். தாம்பரத்தில் 2005இல் திறக்கப்பெற்ற தேசியச் சித்த மருத்துவ நிறுவனத்திடம் தமிழர் கேட்க வேண்டுவது இதுவே. ஆய்வுக்கு அஞ்சுவது பற்றாகாது.

இப்பகுதி மக்களுக்கு இன்னொன்று. எண்ணூர்க் கழிமுகத்தோரமும் மணலி நெடுஞ்சாலையோரமும் முளைத்த நெருஞ்சிலையும் சிறுபீளையையும் பறித்து மருந்தாக்காதீர். 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பெற்ற எண்ணூர் அனல்மின் நிலையமும், அதனை அடுத்தெழுந்த பிற நிலையங்களும் கக்கிய சாம்பல் கொற்றலையாற்றுக் கரையில் படிந்துள்ளது. 2023 திசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் அக்கழிமுகத்தில் பரவியது. ஈயமும் பிற வல்மாழைகளும் செறிந்த மண்ணில் வளரும் செடி அவற்றையும் உறிஞ்சும். மூலிகை தூயதாக இருக்க மண் தூயதாக இருத்தல் வேண்டும். அதற்கான போராட்டமும் மருத்துவத்தின் ஒரு கூறே.

எளியன சில வீட்டிலேயே உள. படுக்குமுன் இரண்டு மூன்று மணிநேரம் நீர் அருந்துவதைக் குறைத்துப் பகலில் போதிய அளவு அருந்துக. காப்பி, தேநீர், மது மாலைக்குப் பின் வேண்டா. வண்டி வரிசையில் நிற்போர் நீரை அடக்கிவைத்தல் கூடாது. கழிப்பிடம் அமைத்துத் தருவது துறைமுகத்தார் கடன், கேட்டுப் பெறுக. சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் வில்லைகள் சில, இந்நோயுடையார்க்கு நீரை முற்றுமே அடைத்துவிடும்.

அவ்வாறு அடைபட்டு அடிவயிறு உப்பி வலித்தால் எந்தக் குடிநீரையும் அடுப்பில் ஏற்றாதீர். இரவாயினும் இசுடான்லி மருத்துவமனைக்கோ அண்மையிலுள்ள பிறிதொன்றுக்கோ உடனே செல்க. குழாய் செலுத்தி நீரை வெளியேற்றுவர். சிறுநீரில் குருதி கண்டாலும் காலந்தாழ்த்தற்க. அங்குள்ள மருத்துவரிடம், தாம் உண்டுவரும் மூலிகை இன்னதென்று அதன் தமிழ்ப் பெயரையே சொல்லுக.