பறவைகளை வரவேற்கும் பச்சை வேலி

(புக்கிட் பெலிம்பிங் வட்டாரத் தோட்ட மக்களுக்கு ஆற்றிய உரை)



பறவைகளால் நமக்கு என்ன பயன் என்று சிலர் வினவலாம். விடை நம் வேலைக்காட்டிலேயே இருக்கின்றது. செம்பனைக் குலைகளைக் கொறிக்கும் எலிகளை ஒழிக்க, தோட்டங்கள் கம்பங்களின்மேல் பெட்டிகள் அமைத்துக் கூகைகளைக் குடியேற்றி வருகின்றன. கூகையின் உணவில் பெரும்பகுதி எலியே. அதன் அலறலை அபசகுனமென்று அஞ்சி விரட்டுவோர், உண்மையில் தமக்கு உதவும் காவலாளியையே விரட்டுகின்றனர்.

வேலைக்காட்டில் கூகை செய்யும் பணியை, காய்கறிக் கொல்லையில் சிறு பறவைகள் செய்கின்றன. கொண்டைக்குருவியும் தேன்சிட்டும் பழமும் தேனும் உண்பவை எனினும், தம் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளை ஊட்டுகின்றன. தையல்சிட்டோ நாள் முழுதும் இலைகளினூடே பூச்சி தேடுகின்றது. இவை நம்மிடம் வர வேண்டுமாயின் உணவு, நீர், மறைவிடம் ஆகிய மூன்றும் வேண்டும். வீட்டைச் சுற்றி ஒரு புதரும் விடாமல் வெட்டிவிட்டால் அவை எங்கே தங்கும்?

இம்மண்ணுக்குரிய செடிகளே இதற்கு ஏற்றவை. அவற்றின் பூவுக்கும் கனிக்கும் இங்குள்ள பறவைகள் பழகியவை. அவற்றின் இலையை உண்டு வாழும் புழுக்களும் இங்கு உள்ளன. முதலில் செண்டுடுக் செடியைக் கூறலாம். ஊதாப் பூவும், நாவைக் கருநீலமாக்கும் கனியும் உடையது, சிறுவர்கள் நன்கறிவர். வடிகால் ஓரத்தில் தானே முளைக்கும் கன்றை வேர்மண்ணோடு பெயர்த்து, மாலையில் நட்டு நீரூற்றினால் போதும். ஈர நிலத்திற்குச் சிம்போ ஆயர் ஏற்றது. அதன் காய் வெடித்துச் செந்நிற விதைகள் தெரிந்தவுடன் பறவைகள் நாடி வரும். தேன்சிட்டுக்கு வெட்சி நடலாம். ஆரா எனப்படும் அத்தி வகைகள் பல பறவைகளுக்கு உணவளிப்பவை. ஆயினும் பெருமரமாகும் வகைகளை வீட்டுக்கும் வடிகாலுக்கும் அருகில் நடலாகாது.

மூன்று செய்திகளை நினைவிற் கொள்வோம். செண்டுடுக் செம்பனைக் காட்டில் களையாகும். ஆகவே வேலியோரத்தோடு நிறுத்துக. பறவைக்கு வைக்கும் நீரை நாள்தோறும் மாற்றுக; இல்லையேல் ஏடிஸ் கொசு பெருகும். எலி நஞ்சைக் கண்டபடி வைக்கலாகாது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகையும் மடியக்கூடும்.

மாணவமணிகளே! உண்டிவில்லையும் கண்ணியையும் கைவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

1987ஆம் ஆண்டில் அமைந்த கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவிற்குப் பறவைகளைக் காணவே பலர் வருகின்றனர். அப்பறவைகளுட் சில நம் வாயிலுக்கும் வரட்டும். வீட்டுக்கு இரு செடியேனும் நடுவோம். செலவு ஒரு காசும் இல்லை.