பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு சபை

(நமது சங்கத்தின் தில்லிக் கிளை மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"முதியோர் இல்லமும் தொண்டும்" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. செயலாளர் இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். முப்பத்தாறு வருஷம் மத்திய சர்க்காரில் நோட் போட்டே பழகியவன் நான். 'உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடிக்காமல் பேச முயற்சி செய்கிறேன்.

இந்தத் தலைப்பில் நான் யூதர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலாளர் சற்று யோசித்தார். காரணம் சொல்லிவிடுகிறேன். 2014-ல் அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகில் என் பெண் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். பொழுது போகவில்லை. பக்கத்துத் தெருவில் யூதர்கள் நடத்தும் முதியோர் குடியிருப்பு ஒன்று இருந்தது. "வாலண்டியராகப் போங்களேன் அப்பா" என்றாள் பெண். வாரத்தில் இரண்டு நாள் போனேன். காசநோய்ப் பரிசோதனை செய்து, சட்டையில் ஒரு அட்டை மாட்டி, அரை நாள் பயிற்சி கொடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். அந்தப் பயிற்சியில் முதல் பாடம் இது: எந்த அறைக்குப் போனாலும் கதவைத் தட்டுங்கள், 'வரலாம்' என்று பதில் வரும் வரை வெளியே நில்லுங்கள், உள்ளே இருப்பவர் படுக்கையோடு இருந்தாலும் சரி, அது அவர் வீடு.

நமக்கும் அவர்களுக்கும் என்ன ஒற்றுமை?

சிறிய சமூகம். படிப்பில் நாட்டம். பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனவர்கள். சாப்பாட்டில் ஆயிரம் நியமம். நம் வீட்டில் மடி, பத்து பார்ப்பதுபோல அவர்கள் 'கோஷர்' பார்க்கிறார்கள். பால் பாத்திரம் வேறு, மாமிசப் பாத்திரம் வேறு. இரண்டும் கலக்கக் கூடாது. சனிக்கிழமை ஓய்வு நாளில் மின்சார ஸ்விட்சைத் தொட மாட்டார்கள். ஆகவே அன்று லிஃப்ட் தானாகவே ஒவ்வொரு மாடியிலும் நின்று போகும்படி வைத்திருப்பார்கள். இரண்டு யூதர்கள் சேர்ந்தால் மூன்று அபிப்பிராயம் என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள். நம் சங்கத்தில் அதற்குக் குறைவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு ஒற்றுமைதான் முக்கியம். பிள்ளைகள் ஒரு ஊரில், பெற்றோர் வேறு ஊரில் என்ற நிலைமை அவர்களுக்கு நம்மைவிட மிக முன்னதாகவே வந்துவிட்டது. பாஸ்டன் யூதர்கள் 1903-லேயே முதியோருக்கு ஓர் இல்லம் ஆரம்பித்தார்கள். இன்று அது 'ஹீப்ரூ சீனியர்லைஃப்' என்ற பெரிய ஸ்தாபனம். நியூயார்க்கில் ரிவர்டேலில் இருக்கும் 'ஹீப்ரூ ஹோம்' 1917-ல் தொடங்கியது. ஏழை முதியவர்களுக்கு ஒரு கூரை வேண்டும் என்று ஆரம்பித்த இடம் அது.

நமக்கு இந்தப் பிரச்சினை இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் பத்து கோடிக்கும் அதிகம். 2050-ல் ஐந்து பேரில் ஒருவர் அறுபதைத் தாண்டியிருப்பார் என்று மதிப்பிடுகிறார்கள். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டு வாங்கலாம். பேச்சுத் துணையை எந்த டிரிப்யூனலும் வாங்கித் தர முடியாது.

கொடுப்பவரும் அங்கேயே வசிப்பவர்

நான் போன குடியிருப்பில் என்னைப் போல வெளியிலிருந்து வந்த தொண்டர்கள் கொஞ்சம்தான். பாதிக்கு மேற்பட்ட வேலைகளை அங்கே வசிப்பவர்களே செய்தார்கள். எண்பத்தெட்டு வயதுப் பாட்டி நூலகத்தைப் பார்த்துக்கொண்டார். புதிதாக வருபவர்களுக்கு முதல் வாரம் சாப்பாட்டு மேஜையில் துணையாக உட்கார்வது ஒருவர் வேலை. கண் தெரியாதவர்களுக்குப் பத்திரிகை வாசிப்பது இன்னொருவர் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரார்த்தனைக்குச் சக்கர நாற்காலிகளைத் தள்ள ஆள் வேண்டும். அதுதான் எனக்குக் கிடைத்த உத்தியோகம். நான் தள்ளிக்கொண்டு போன பெரியவர் பள்ளியில் ரசாயனம் கற்பித்தவர். நான் பி.எஸ்ஸி. ரசாயனம் என்று தெரிந்ததும் வாரா வாரம் எனக்குப் பரீட்சை வைத்தார்!

இதன் பின்னால் பழைய கொள்கைகள் இருக்கின்றன. தானத்துக்கு அவர்கள் சொல்லும் 'செதாக்கா' என்ற ஹீப்ரூ வார்த்தை, நியாயம் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வருகிறது. கொடுப்பது கருணை என்பதைவிடக் கடமை என்று பொருள். வீட்டில் ஒரு சிறு உண்டியல் வைத்து ஏழைகளுக்குக் காசு போடுவார்கள். காஞ்சி மஹா பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டம் உங்கள் எல்லோருக்கும் நினைவு வரும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இருந்த மைமோனிடீஸ் என்ற வைத்தியரும் பண்டிதருமானவர் தானத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். அவற்றில் மேலான படி, ஒருவன் மறுபடி கை நீட்டத் தேவையில்லாதபடி அவனுக்குத் தொழிலோ வேலையோ கிடைக்கச் செய்வது.

நோயாளியைப் போய்ப் பார்ப்பதும் அவர்களுக்கு ஒரு தர்மம். பார்க்கப் போகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்று தால்முத் சொல்கிறது. உடனே அங்கேயே கேள்வியும் வருகிறது: அப்படியானால் அறுபது பேர் போனால் நோய் முழுக்கத் தீர்ந்துவிடுமா? தீராது. ஒவ்வொருவரும் மிச்சத்தில்தான் அறுபதில் ஒரு பங்கை எடுக்கிறார் என்று பதில். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது பேர் போன பிறகு நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு மிச்சம் நிற்கும். இதற்கு லேபரட்டரி நிரூபணம் கிடையாது. ஆனால் தினமும் ஒருவர் வந்தால் பாரம் குறைந்துகொண்டே வரும் என்பதை, படுத்த படுக்கையாக இருந்த யாரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்.

விஞ்ஞான ரீதியாகவும் ஒன்று சொல்கிறேன். 1976-ல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சோதனை செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்கள் காரியங்களுக்கு நீங்களே பொறுப்பு, இந்தச் செடிகளில் பிடித்ததை எடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள், சினிமாவை எந்த நாள் பார்ப்பது என்று நீங்களே தீர்மானியுங்கள்" என்றார்கள். இன்னொரு மாடிக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் நர்சு தண்ணீர் ஊற்றுவார். சினிமா நாளும் ஆபீஸ் சொல்லும். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் 47 பேரில் 7 பேரும், இரண்டாவது குழுவில் 44 பேரில் 13 பேரும் காலமாகியிருந்தார்கள். எண்ணிக்கை சிறியது. வித்தியாசம் முதலில் சொன்ன அளவுக்கு உறுதியானதல்ல என்று பிறகு அவர்களே கணக்கைத் திருத்தி வெளியிட்டார்கள். ஆகவே செடி வளர்த்தால் ஆயுசு நீளும் என்று நான் சொல்ல மாட்டேன். பொறுப்பு கொடுத்தால் மனுஷன் உற்சாகமாக இருக்கிறான் என்ற மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

நம் ஊருக்கு அருகில்

இந்தியாவிலேயே இதற்கு உதாரணங்கள் உண்டு. நம் தில்லியில், கான் மார்க்கெட் பக்கம் ஹுமாயூன் ரோடில், 1956-ல் ஏற்பட்ட ஜூடா ஹியாம் தேவாலயம் இருக்கிறது. தில்லியில் யூதக் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுடைய கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் வேண்டும். 'மின்யான்' என்று பெயர். சம்பிரதாயப்படி பத்தும் ஆண்கள். இங்கே பொறுப்பு வகித்த எசக்கியேல் ஐசக் மாலேகர், பெண்களையும் அந்தப் பத்தில் சேர்த்துக்கொண்டார். பயணிகளும் தூதரகத்தவர்களும் வந்து எண்ணிக்கையை நிரப்பினார்கள். ஆள் குறைந்தபோது கதவைச் சாத்தாமல் வட்டத்தைப் பெரிதாக்கினார்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி தேவாலயம் இருக்கிறது. 1948-க்குப் பிறகு அவ்வூர் யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். போகாமல் இருந்தவர்களில் ஒருவர் ஸாரா கோஹன். கைத்தையல் கடை வைத்திருந்தார். கணவர் காலமான பிறகு, குழந்தைகள் இல்லாத அந்த அம்மாளைத் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் அன்பரும் அவர் மனைவியும் கடைசி வரை பார்த்துக்கொண்டார்கள். கடையையும் நடத்திக் கொடுத்தார்கள். 2019-ல், 96 வயதில் அவர் காலமானார். கட்டடம் இல்லை, டெபாசிட் இல்லை. ஆனால் அதுவும் ஒரு முதியோர் இல்லம்தான்.

எங்கள் காலனியில்

பட்பட்கஞ்ச் பக்கத்தில் எங்கள் கூட்டுறவு அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பங்கள் சில, மற்றவர்கள் பஞ்சாபி, பெங்காலி, மலையாளி. 2016 ஜனவரியில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்த ஒரு மாமி ராத்திரி குளியலறையில் விழுந்துவிட்டார். மறுநாள் பத்து மணிக்கு, வாசலில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் இருப்பதைப் பார்த்து வேலைக்காரப் பெண் கூச்சல் போட்டாள். தில்லி ஜனவரியில் ஈரத் தரையில் பத்து மணி நேரம். இடுப்பு எலும்பு முறிவு. பிழைத்ததே தெய்வாதீனம்.

அதற்குப் பிறகு பத்துப் பேர் சேர்ந்தோம். தனியாக இருப்பவர்கள் தினம் காலை எட்டு மணிக்குள் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எட்டரைக்குள் வராவிட்டால் ஒருவர் மாடி ஏறி மணி அடிப்பார். திறக்காவிட்டால் சாவி வைத்திருக்கும் இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க வேண்டும். தனியாக யாரும் திறக்கக் கூடாது. அந்த மிஸ்டு கால் நோட்டை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. அந்த மாமியையே கேட்டோம். நாங்கள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த மாதங்களில் "உங்களுக்கெல்லாம் சிரமம்" என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், நோட்டு கைக்கு வந்த நாளிலிருந்து எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கு ரிடையர்டு டைரக்டர்களையெல்லாம் அதட்ட ஆரம்பித்தார்.

இத்தனை வருஷத்தில் நான்கு தடவை அந்த நோட்டு ஆளைக் காப்பாற்றியது. ஒரு தடவை நாங்கள் கதவைத் திறந்தபோது காலம் கடந்திருந்தது. பெங்காலிப் பெரியவர்; பிள்ளை கனடாவில். தூக்கத்திலேயே போயிருந்தார். பிள்ளை வந்து எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை நாள் கழித்துத் தெரிந்தது?" என்பதுதான். அன்று காலையிலேயே தெரிந்தது என்றோம். அவர் உட்கார்ந்து அழுதார்.

2021 ஏப்ரலில் கோவிட் தில்லியை வாட்டியபோது இதே நோட்டுத்தான் சாப்பாட்டுக்கும் ஆக்சிமீட்டர் ரீடிங்குக்கும் உபயோகப்பட்டது. எங்களால் முடியாததும் உண்டு. நினைவு மறதி முற்றியவர்களையும், படுக்கையில் இருப்பவர்களையும் பார்க்கப் பயிற்சி பெற்ற நர்சு வேண்டும். தொண்டர்கள் அந்த இடத்தை நிரப்பப் பார்க்கக் கூடாது. மருந்தைப் பற்றி யோசனை சொல்லக் கூடாது என்பதும் எங்கள் விதி.

சங்கத்துக்கு என் கோரிக்கை

நம் சமூகத்தினருக்கென்று முதியோர் குடியிருப்பு வேண்டும் என்று பல கிளைகளில் பேச்சு நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் பேச்செல்லாம் சதுர அடி, டெபாசிட், சமையல்காரர் என்பதோடு நின்றுவிடுகிறது. அங்கே குடியேறும் மாமா காலையில் எழுந்து என்ன செய்வார்? மூன்று வேளை சாப்பாடும் டி.வி.யும் மட்டும் என்றால், அது நீளமான ரயில் பயணம்தான். இறங்கும் ஸ்டேஷன் மட்டும் தெரியாது. குடியேறும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை எழுதி வையுங்கள். வேத பாராயணமோ, கணக்குப் பார்ப்பதோ, காய்கறி நறுக்குவதோ, பக்கத்துக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்வதோ ஏதாவது ஒன்று. பாஸ்டன் ஸ்தாபனம் டெடாம் என்ற ஊரில் அமைத்த முதியோர் வளாகத்திலேயே ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது.

இரண்டாவது, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். மடைப்பள்ளி நம் ஆசாரப்படி இருக்கட்டும். வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். அமெரிக்காவில் யூத இல்லங்கள் பல, சமையலறையில் கோஷரை விடாமலே எல்லா மதத்தினரையும் ஏற்றுக்கொள்கின்றன. நாம் விழுந்தால் தூக்குகிறவரின் கோத்திரத்தை யாரும் கேட்கப் போவதில்லை.

மூன்றாவது, கட்டடம் எழும்பும் வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு காலனியிலும் பத்துப் பேர் போதும். தினசரி மிஸ்டு கால், டிஸ்பென்சரிக்குத் துணை, நவம்பர் மாதம் பென்ஷன்காரர்களுக்கு மொபைலில் ஜீவன் பிரமாண் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பது, இவற்றில் ஆரம்பிக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணை எல்லோர் வீட்டுச் சுவரிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பெயர், போன் நம்பர் எழுதிய பிறகு இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று, 'எனக்கு என்ன வேண்டும்'. மற்றது, 'என்னால் என்ன முடியும்'. தொண்ணூறு வயதானாலும் இரண்டாவதைக் காலியாக விடாதீர்கள். ஜாயிண்ட் செக்ரட்டரியாக இருந்தவரானாலும் முதலாவதைக் காலியாக விடாதீர்கள். காபி ஆறுவதற்குள் எழுதிவிடுங்கள்.