வீணாவதற்கும் கணக்கு எழுதுவோம்

(நெமிலியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் குழுப் பொருளாளர்களிடம் பேசியது)



சேமிப்பு, கடன், வரவு, செலவு எல்லாவற்றுக்கும் நாம் நோட்டு வைத்திருக்கிறோம். வீணாகப் போவதற்கு நோட்டு இருக்கா? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறோம்.

நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் கம்பெனிகளையே எடுத்துக்கொள்வோம். தோலைப் பதனிட குரோம் உப்பு போடுகிறார்கள். சாதாரண முறையில் அதில் 60, 70 சதவீதம்தான் தோலில் பிடிக்கும். மீதி தண்ணீரோடு போய்விடும். அதுவும் காசு கொடுத்து வாங்கிய சரக்குதானே! 'குரோம் வாங்கிய செலவு' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் அந்த நஷ்டம் முதலாளி கண்ணில் படாது. பாலாறும் நம் கிணறுகளும்தான் அதைச் சுமந்தன.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் 'கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்றது. தோல் கம்பெனிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. கழிவும் கணக்கில் ஏற வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் பாடம். ஆனாலும் பாலாற்றின் கஷ்டம் தீரவில்லை. 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

வழி இல்லாமல் இல்லை. குரோம் கலந்த தண்ணீரைத் தனியாகப் பிடித்து மக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோம் அடியில் படியும். அதை அமிலத்தில் கரைத்துத் திரும்பவும் தோலுக்கே போடலாம். இதற்குத் தொட்டி, மெஷின் என்று முதலில் பணம் போட வேண்டும். 'இந்த மாதச் செலவு எவ்வளவு?' என்று மட்டும் பார்க்கிற கணக்கு அதிகாரி வேண்டாம் என்பார். 'மாதாமாதம் எவ்வளவு மிச்சம்? போட்ட பணம் எப்போது திரும்பும்?' என்று பார்ப்பவர் சரி என்பார். முடிவு பேனா பிடித்தவர் கையில் இருக்கிறது.

நம் குழுக்களில் அந்தப் பேனா உங்கள் கையில். பர்ஸ் தைக்கும் குழு 1,000 ரூபாய்க்கு 10 கிலோ துண்டுத் தோல் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 கிலோ பர்ஸ் ஆனது. 4 கிலோ மூட்டையில் கிடக்கிறது. அது குப்பை இல்லை, 400 ரூபாய்! நோட்டில் எழுதினால்தான் 'இதில் சாவிக்கொத்து தைக்கலாமே' என்று யோசனை வரும்.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. மிச்சத் தோலை அடுப்பில் போட்டு எரிக்கவே கூடாது. குரோம் தோல் எரிந்தால் அந்தப் புகையும் சாம்பலும் நமக்கும் பிள்ளைகளுக்கும் விஷம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டில் 'மிச்சம்' என்று ஒரு பத்தி கோடு போட்டு, இந்த மாதக் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள். சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.